நழுவியது என்று எழுதினேன்

கயிறு எட்டு முழமாவது இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எங்கள் சுகாதார நிலையத்துக்கு அனுப்பியது ஆடு கட்டுகிற கயிறு, மூன்று முழம். ஒருத்தியின் முப்பத்து நான்கு வருஷத்தை மூன்று முழத்தில் எப்படி விரிப்பது என்று கிடேகாவிடம் கேட்டேன். கிடேகா என் மேற்பார்வையாளன். பட்டம் வாங்கியவன், என் மூத்த மகனைவிட இரண்டு வயது சின்னவன். வாங்கித் தருகிறேன் என்று அவன் சொன்னதை நம்பாமல் என் வீட்டுத் துணிக்கொடியை அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

வேலை இதுதான். போர் ஞாபகத்தில் தூக்கம் கெட்டு எங்களிடம் வருகிறவர் கயிற்றைத் தரையில் நீட்டி வைக்க வேண்டும். ஒரு முனை பிறந்த நாள். மறுமுனையைச் சுருட்டியபடியே விட்டுவிட வேண்டும், அது இனி வரப்போகிற காலம். நடுவில் நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். எங்கள் பக்கத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. பூவுக்குத்தான் நான் சுகாதார நிலையத்து வேலியிலிருந்து காகிதப்பூவைப் பறித்து, தலைமை நர்சிடம் வாரா வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கயிறு விரித்த பிறகு, பிறப்பிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் சொல்ல, நான் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கல் வருகிற இடத்தில் அவசரப்படக் கூடாது. என்ன சத்தம் கேட்டது, என்ன வாசனை, கால் எங்கே இருந்தது, மனசில் என்ன ஓடியது என்று நத்தை வேகத்தில் போக வேண்டும். பயம் பத்துக்கு எத்தனை என்று கேட்டு, அது இறங்கும்வரை எழுந்து போக விடக் கூடாது. பிறகு வீட்டில் உட்கார்ந்து அதையெல்லாம் கோவையாக எழுதி, அடுத்த வாரம் அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். தப்பு இருந்தால் அவர்கள் கையைத் தூக்கி நிறுத்துவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, சரியானதை எழுதி, திரும்பப் படிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் அந்தத் தாள் அவர்களுடையது. உடம்பில் சிதறிக் கிடந்த ஞாபகம் ஒரு கதையாக ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டால் பிடி தளரும் என்பது கணக்கு. முக்கால்வாசிப் பேருக்குத் தளரத்தான் செய்தது, நானே பார்த்தேன்.

என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், இருபத்திரண்டு வருஷம் ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்தியவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பிள்ளைகளின் கட்டுரையில் சிவப்பு மையால் திருத்தித் திருத்திப் பழகிய கை இது. அதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

லன்யெரோ செப்டம்பர் மாதம் வந்தாள். சந்தையடியில் தையல் மிஷின் வைத்திருக்கிறவள். வலது மணிக்கட்டில் துணிப்பட்டை ஒன்றை இறுக்கிச் சுற்றியிருந்தாள். காயமா என்று கேட்டேன். இல்லையாம். தூங்கும்போது யாரோ அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறார்களாம், துணி சுற்றினால் கொஞ்சம் தேவலையாம். ஆறு வயது மகள் தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்தால் உதறிவிடுகிறாளாம். குழந்தை இப்போதெல்லாம் அம்மா பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது என்றாள். செத்தவளின் ஆவிதான் பிடித்திழுக்கிறது என்று மாமியார் சொல்வதாகவும் சொன்னாள். செத்தவள் யார் என்று கேட்டேன்.

அடுத்த வாரம் சொன்னாள். இருபது வருஷத்துக்கு முன்னால், அவளுக்குப் பதினான்கு வயதில், கிளர்ச்சிக்காரர்கள் அவளைக் காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு அகுமுவின் மகள் லாக்கேரையும் அதே கையோடு கொண்டுபோனார்கள். லாக்கேருக்கு ஒன்பது வயது. வரிசையில் கட்டி நடத்தும்போது அகுமு பின்னால் ஓடிவந்து ஒன்றே ஒன்றுதான் கத்தினாளாம், லன்யெரோ, அவ கையை விட்டுடாதே என்று. பதினெட்டாவது நாள் அச்வா ஆற்றைத் தாண்டும்போது லாக்கேர் போய்விட்டாள். லன்யெரோ நான்கு வருஷம் கழித்துத் தப்பி வந்தாள். வந்தவள் லாக்கேரைப் பற்றித் தெரியாது என்று சொல்லிவிட்டாள். அகுமு நம்பினாள். எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று காத்திருந்தாள். மகளோடு போனவள் என்பதால் ஒவ்வொரு அறுவடைக்கும் லன்யெரோவுக்கு ஒரு சட்டி எள் விழுது கொடுத்தனுப்புவாள். லன்யெரோ அதைத் தொட்டதில்லை, யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

போன வருஷம் அகுமுவுக்கு உடம்பு முடியாமல் போனது. கண் மூடுவதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று அவள் லன்யெரோவின் கடை வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் லன்யெரோ வாய் திறந்தாள். லாக்கேர் ஆற்றில் போய்விட்டாள், அவ்வளவுதான் சொன்னாள். மிச்சத்தைச் சடங்கில் சொல்கிறேன் என்றாள். எங்களிடம் ஒருவருக்குக் கடைசிச் சடங்கு செய்கிறபோது, அவர் எப்படிப் போனார் என்று தெரிந்தவர் எழுந்து நின்று கூட்டத்துக்குச் சொல்ல வேண்டும். காய்ச்சலானால் எத்தனை நாள், என்ன மருந்து, கடைசியில் என்ன கேட்டார், எல்லாம். சொல்ல ஆளில்லாமல் சடங்கு நடக்காது. டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை என்று குலத்தலைவர் ஓகெமா நாள் குறித்துவிட்டார். அன்றிலிருந்து லன்யெரோ தூங்கவில்லை. அவளுக்கு என்னிடமிருந்து வேண்டியது ஒன்றுதான், அந்தச் சனிக்கிழமை எழுந்து நின்று அகுமுவின் முகத்தைப் பார்த்துச் சொல்கிற தெம்பு.

பத்து வாரம் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

கயிற்றில் அவள் வைத்த கற்களை எண்ணினேன், பதினொன்று. பூ நான்கு. மகள் பிறந்ததற்கு ஒன்று, மிஷின் வாங்கியதற்கு ஒன்று, ஆறாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வந்ததற்கு ஒன்று, தப்பி வந்த நாளுக்கு ஒன்று. ஆற்றுக்கு மட்டும் கல்லை மூன்று தடவை மாற்றினாள். பெரிசாக எடுத்தாள், சின்னதாக எடுத்தாள், மறுபடியும் பெரிசையே வைத்தாள். கல்லின் அளவைப் பற்றிப் பயிற்சியில் எதுவும் சொல்லவில்லை என்பதால் அப்படியே குறித்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் அந்த ஆற்றுக் கல்லுக்கு வந்தோம். மழை பெய்துகொண்டிருந்தது, தகரக் கூரையில் பேச்சே கேட்காத அளவு சத்தம். அதுவும் நல்லதுக்குத்தான். இப்போது எங்கே இருக்கிறாய், தலைக்கு மேல் என்ன சத்தம் என்று நான் கேட்கக் கேட்க அவள் ஒரு காலை அறையிலும் ஒரு காலை ஆற்றிலும் வைத்துக்கொண்டு சொல்ல முடிந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். முழுக்க ஆற்றுக்குள் போய்விட்டால் ஆளை மீட்பது கஷ்டம்.

தலையில் அவரை விதை மூட்டையாம். மூட்டையைக் கீழே போட்டவர்களை அங்கேயே தீர்த்துவிடுவார்களாம், முந்தின நாள்தான் ஒருத்தனைப் பார்த்திருக்கிறாள். இடது கை மூட்டையில். வலது கையில் லாக்கேர். தண்ணீர் லன்யெரோவுக்குக் கழுத்துவரை. அப்படியானால் லாக்கேருக்கு எவ்வளவு என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் இரண்டு கையாலும் லன்யெரோவின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"தண்ணி எப்படி இருந்தது? சில்லுன்னா?"

"சூடா இருந்துச்சு டீச்சர். மேல வெயிலு."

"பயம் எத்தனை?"

"பத்து."

"நான் பக்கத்துலதான் இருக்கேன். மெதுவா சொல்லு. அப்புறம்?"

"எடது கைய கீழ கொண்டாந்தேன். அவ வெரலப் பிரிச்சேன். சுண்டு வெரல்ல ஆரம்பிச்சேன். ஒண்ணு ஒண்ணா." அவள் தன் மணிக்கட்டின் மேல் அதைச் செய்து காட்டினாள். "மூட்டை விழல டீச்சர். கைய எடுத்தும் தலையிலயே நின்னுச்சு. அதான் எனக்கு இன்னிக்கும் புரியல."

அன்றைக்கு அவளை ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தேன். பத்து எட்டாகி, ஏழாகி, ஆறில் நின்றது. மழை விட்டதும் அனுப்பினேன். அழுதது அவளில்லை, நான்தான், அதுவும் அவள் போன பிறகு. அழுவது விதியில் இல்லை என்பதால் கிடேகாவுக்குச் சொல்லவில்லை.

மறுநாள் பகலில் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். தண்ணீர், வெயில், அவரை மூட்டை எல்லாம் ஒழுங்காக வந்தது. அந்த இடம் வந்தபோது பேனா நின்றது. இதை இவள் அகுமுவின் முன்னால் சொல்லப் போகிறாள். விரலைப் பிரித்தேன் என்று சொன்னால் அது கொலை. அவள் ஒரு குலம், அகுமு வேறு குலம். கொலை நடந்த இரண்டு வீட்டாரும் ஒரே பானையில் சாப்பிடக் கூடாது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, நஷ்டம் தீர்த்து, எல்லோரும் கசப்பு வேர்ச்சாறு குடிக்கும்வரை. அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். ஆகாமலே போனதும் உண்டு. ஒரு பதினான்கு வயதுப் பெண், தலையில் மூட்டை, பின்னால் துப்பாக்கி. இதையா கொலை என்பது? அந்தச் சின்னக் கை எப்படியும் நழுவியிருக்கும், இன்னும் பத்தடி தூரத்தில். இப்படியெல்லாம் நினைத்து நான் எழுதினேன்: லாக்கேரின் கை நழுவியது. தண்ணீர் அவளைக் கொண்டுபோனது.

நல்ல மனசில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் டிசம்பர் கடைசியில் எங்கள் எல்லோரிடமும் வந்தவர்களின் பய எண்களைக் குலு நகரத்து அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும், என் எண்கள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. இரண்டில் எது எவ்வளவு என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஆறாவது வாரம் படித்தேன். அந்த இடத்தில் குரலை மாற்றாமல் ஒரே சீராகப் போனேன். லன்யெரோ கையைத் தூக்கவில்லை. படித்து முடித்ததும் ஆற்றுப் பகுதியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன். சரியாக இருக்கிறதா என்று கேட்டேன். ம் என்றாள். பயம் எத்தனை என்றேன். நான்கு என்றாள். ஒரே வாரத்தில் ஆறிலிருந்து நான்கு. அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், இரண்டு பேரும் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் நான்கு என்று எழுதி வட்டம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வைக்குக் குலுவுக்குப் போனபோது கிடேகா அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்துப் பாராட்டினான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, ஆற்றுப் பகுதியைப் படித்ததில் அவள் என்ன திருத்தினாள் என்று கேட்டான். ஒன்றும் இல்லை என்றேன்.

"ஒண்ணுமேவா? மத்தவங்க எல்லாம் ஆட்டுக்குட்டி கலரக்கூட திருத்துறாங்களே மேடம்."

"நான் எழுதினா திருத்த இடம் இருக்காது" என்றேன். சின்னப் பையன், வாயை மூடிக்கொண்டான். இப்போது நினைத்தால் கூசுகிறது. அவன் கேட்டது சரியான கேள்வி.

ஏழு, எட்டு, ஒன்பது வாரங்கள் போயின. தப்பி வந்தது, அகதி முகாம், கல்யாணம், மிஷின் எல்லாம் வந்தன. எண் நான்குக்கு மேல் ஏறவில்லை. ஆனால் மணிக்கட்டுத் துணி அகலமாகிக்கொண்டே போனது. முதலில் இரண்டு விரல் அகலம், இப்போது முழங்கைக்குப் பாதி தூரம். தூக்கம் எப்படி என்று கேட்டால் பரவாயில்லை என்பாள். முகம் பரவாயில்லை என்று சொல்லவில்லை. கடைசி வாரத்துக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். குழந்தை பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் அப்போதாவது சொல்லியிருக்கலாம். தாளை எடுத்து, அந்த வரியை அடித்து, நீ சொன்னது இதுதானே என்று கேட்டிருக்கலாம். அரை நிமிஷ வேலை. சனிக்கிழமை முடியட்டும் என்று விட்டேன்.

அன்றைக்கு அவள் ஒரு உதவி கேட்டாள். தனக்கு நாக்கு எழும்பாது, நீங்களே வந்து படித்துவிடுங்கள், நான் பக்கத்தில் நிற்கிறேன் என்றாள். நாங்கள் வருகிறவர்களின் வீட்டு விசேஷங்களுக்குப் போகக் கூடாது என்பது விதி. போனேன்.

அகுமு வீட்டு முற்றத்தில் நீலப் பந்தல் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் குலத்தாருக்கு, பாய்கள் பெண்களுக்கு. இரண்டு ஒலிபெருக்கி. ஓகெமா மைக்கைப் பிடித்து அது கீச்சிடும்போதெல்லாம் வாடகைக்குக் கொடுத்தவனின் பரம்பரையை விசாரித்துக்கொண்டிருந்தார். பின்கட்டில் பெரிய பானைகளில் கேழ்வரகுக் களி கிளறும் சத்தம் கேட்டது. ஆடு ஒன்று கட்டியிருந்தது, இன்னும் அறுக்கவில்லை. எப்படிப் போனாள் என்று சொன்ன பிறகுதான் அறுப்பார்கள்.

அகுமு முன்பாயில் உட்கார்ந்திருந்தாள். மெலிந்துபோய்த் தோளெலும்பு தெரிந்தது, ஆனால் பார்வை கூர்மை. இருபது வருஷம் காத்திருந்தவள் இன்றைக்கு அரை மணி நேரம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓகெமாவை இரண்டு தடவை அதட்டினாள். ஓகெமா என்னை அழைத்தார். லன்யெரோ என் இடது பக்கம் நின்றாள்.

ஆற்றுக்குப் போகும்வரையான பதினெட்டு நாளையும், பிறகு ஆற்றையும் படித்தேன். மைக் நல்லபடியாக நடந்துகொண்டது. லாக்கேரின் கை நழுவியது, தண்ணீர் அவளைக் கொண்டுபோனது என்று படித்து நிறுத்தினேன். பெண்கள் ஒப்பாரியை ஆரம்பித்தார்கள். ஓகெமா ஆட்டுப் பக்கம் கையைக் காட்டினார். எல்லாம் முறைப்படி முடிந்தது என்று எனக்கு உடம்பெல்லாம் லேசானது.

அகுமு எழுந்தாள். இரண்டு பெண்கள் தாங்கப் போனார்கள், தள்ளிவிட்டாள். நேராக லன்யெரோவிடம் வந்து அவள் வலது மணிக்கட்டை, அந்தத் துணியோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்தாள்.

"கடைசி வரைக்கும் எம்பொண்ணப் பிடிச்சிருந்த கை இது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "எல்லாரும் பாருங்க. இந்தக் கைதான்."

லன்யெரோ உதறிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் உதறவில்லை. இடது கையை மெதுவாகத் தூக்கினாள், என் அறையில் தூக்குவதுபோல.

"டீச்சர், அங்க தப்பு இருக்கு."

ஒப்பாரி ஒவ்வொரு குரலாக நின்றது. என் வாய் பழக்கத்தில், பத்து வாரம் கேட்ட அதே தொனியில், அப்படியானால் என்ன நடந்தது என்று கேட்டது. மைக் என் கையில்தான் இருந்தது. ஊரே கேட்டது.

"நழுவல. நான்தான் வெரலப் பிரிச்சேன்" என்றாள் லன்யெரோ, அகுமுவின் முகத்தைப் பார்த்து. சுண்டு விரலில் ஆரம்பித்ததைச் சொன்னாள். மூட்டை விழாததைச் சொன்னாள். அறையில் சொல்லும்போது மூச்சு வாங்கியது, இங்கே வாங்கவில்லை. நான் ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சொல்லி முடிக்கும்வரை அகுமு மணிக்கட்டை விடவில்லை. பிடி இறுகுவதை நான் பார்த்தேன், கை நரம்பு புடைத்தது.

அகுமு ஒன்றே ஒன்று கேட்டாள். "என்னையக் கூப்பிட்டாளா?"

"இல்ல பெரியம்மா. என் பேரத்தான் கூப்பிட்டா."

அப்போதுதான் அகுமு கையை விட்டாள்.

நாற்காலிகளில் சலசலப்பு. இவ்வளவு நாளும் பொய் சொன்னாளா, எழுதிப் படிக்கிற தாளிலும் பொய்யா என்று யாரோ குரலை உயர்த்தினார்கள். ஓகெமா எழுந்து நின்றார். லன்யெரோ என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றாள்.

"அது அவ சொன்னது இல்ல" என்றேன். "அவ உண்மையத்தான் சொன்னா, அஞ்சு வாரத்துக்கு முன்னாடியே. நான்தான் மாத்தி எழுதினேன்."

ஏன் என்று ஓகெமா கேட்டார். அகுமு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உன்னைய யாரு கேட்டா?" என்றாள்.

சுகாதார நிலையத்துப் பேனாவை எடுத்து, நாற்காலிக் கையில் தாளை வைத்து அந்த இரண்டு வாக்கியத்தையும் அடித்தேன். லன்யெரோ சொன்னதை மேலே இடுக்கில் எழுதினேன். என் முத்தான கையெழுத்து கோழி கிளறியதுபோல் வந்தது. மறுபடி படி, ஆற்றங்கரையிலிருந்து படி என்று அகுமு சொன்னாள். படித்தேன். விரலைப் பிரித்தேன் என்ற இடம் வந்தபோது லன்யெரோ நிமிர்ந்து நின்றாள். என் பேரைத்தான் கூப்பிட்டாள் என்பதையும் சேர்த்துப் படித்து முடித்தேன்.

இந்தத் தடவை ஒப்பாரி இல்லை. அகுமு பாயில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் எம்பொண்ணு செத்தா" என்றாள். "ஆட்ட அறுங்க."

ஓகெமா மைக்கை என்னிடமிருந்து வாங்கி, விஷயத்தை இரண்டு குலத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள் என்றும், அதுவரை இரண்டு வீட்டுக்கும் பானை வேறு என்றும் அறிவித்தார். கோபமாகச் சொல்லவில்லை, வரப்போகிற கூட்டத்தின் தேதியைச் சொல்வதுபோல்தான் சொன்னார். லன்யெரோ தலையை ஆட்டிவிட்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். களி வாசனை தெருவரை வந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

சாலையோரம் மோட்டார் சைக்கிளுக்காக நின்றோம். மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கே கையைத் தூக்கியிருக்கலாம், நானும்தானே சும்மா இருந்தேன் என்றாள். எண் எத்தனை என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் மணிக்கட்டுத் துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சுற்றுச் சுற்றாக வந்துகொண்டே இருந்தது. அடியில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

அப்போது அகுமு வந்தாள். யார் துணையும் இல்லாமல், இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கி, வேலியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். கையில் மூடிய பீங்கான் கிண்ணம். லன்யெரோவுக்கு நேராக வந்து நின்றாள். கையில் கொடுக்கவில்லை. சாலையோரக் கல்லின் மேல் கிண்ணத்தை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

"இது எம்பானையில எடுத்தது இல்ல" என்றாள். "எதுத்த வீட்டு நர்ஸு வேற குலம். அவகிட்டக் கேட்டு வாங்கியாந்தேன். எம்பான சோறு இனிமே உனக்குக் கெடையாது, பெரியவங்க பேசி முடிக்கிற வரைக்கும். அதுக்குள்ள நான் போயிட்டாலும் போயிடுவேன். பசியோட போகாத."

லன்யெரோ கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தின்னுட்டுக் கிண்ணத்த அவ வீட்டுல குடுத்துரு. எங்க வீட்டுக்கு வராத." சொல்லிவிட்டு அகுமு திரும்பி நடந்தாள்.

களியும், எள் விழுது போட்ட துவரையும் இருந்தது. லன்யெரோ மண்ணிலேயே உட்கார்ந்து, துணியில்லாத கையால் பிட்டுப் பிட்டுச் சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள், ஆனால் நிறுத்தவில்லை, கிண்ணத்தை விரலால் வழித்தாள். அகுமு எனக்கு ஒன்றும் கொண்டுவரவில்லை. நான் பக்கத்தில் நின்று, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை வருகிற மோட்டார் சைக்கிள்களைப் போகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.